உயிரணுச் சவ்வும் மார்பகப் புற்றுநோயின் பரவலும்

மூணாறு, மறையூர்த் தோட்டங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களிலும் உழைக்கும் பெண்ணொருத்தி மார்பில் சிறு கட்டியை உணரின், வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடும். ஒருநாள் கூலியை இழக்க அஞ்சுவதும் இயல்பே. இத்தாமதம் ஏன் தீதென்பதை உயிரணுவின் சவ்வு விளக்குகிறது.

மார்பகப் புற்றுநோய் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மார்பிலுள்ள கட்டியினாலன்று. அதினின்று பிரிந்த உயிரணுக்கள் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றில் குடியேறுவதாலேயாம். இப்பயணத்தைத் தூண்டும் செய்திகளுள் ஒன்று சவ்வில் எழுகிறது. சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காக அமைந்த படலம்; அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2 இலட்சத்தில் ஒரு பங்கே. சமையல் எண்ணெயோடு இதனை மாணவர் குழப்பிக்கொள்ளலாகாது.

சவ்வின் உட்புறத்தில் பி.ஐ.பி.2 என்னும் கொழுப்புப் பொருள் சிறிதளவு உண்டு. வளர்ச்சியூக்கிகள் வெளிப்புற ஏற்பிகளில் பொருந்தியவுடன், பி.ஐ.3-கினேஸ் என்னும் நொதி அதனுடன் ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்து பி.ஐ.பி.3 ஆக்குகிறது. எல்லைச் சோதனைச் சாவடியில் சீட்டின்மீது இடப்படும் முத்திரையை இப்பாஸ்பேட்டு ஒக்கும். முத்திரையைக் கண்டு புரதங்கள் அவ்விடத்தில் கூடுகின்றன. உயிரணு பெருகவும் நகரவும் ஆணை பிறக்கிறது. ஆக்டின் இழைகள் நீண்டு சவ்வை முன்தள்ளுகின்றன. சுற்றியுள்ள திசுவை நொதிகள் கரைக்கின்றன. உயிரணு நிணநீர் நாளத்திலோ இரத்தக் குழாயிலோ புகுகிறது.

நலமான உயிரணுவில் பிடென் என்னும் நொதி இம்முத்திரையை அழித்துவிடும். 1997-இல் கண்டறியப்பட்ட இந்நொதி குன்றினும், பி.ஐ.3-கினேஸின் மரபணு திரிபுறினும், ஆணை ஓயாது தொடரும். ஹார்மோன் ஏற்பியுடைய மார்பகப் புற்றுகளுள் சுமார் 40 சதவீதத்தில் அம்மரபணு திரிந்துள்ளது. இந்நொதியைத் தடுக்கும் ஆல்பெலிசிப் என்னும் மருந்து 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முற்றிய நோயின் வேகத்தை அது தணிக்குமேயன்றி, நோயை அடியோடு நீக்காது.

மேற்கூறிய நிகழ்ச்சிகள் தொடக்கத்தில் வலி தருவன அல்ல. ஆகவே வலியின்மை நலத்தின் சான்றன்று. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கொருமுறை மார்பகப் பரிசோதனை செய்யவேண்டுமென 2016-இல் மத்திய சுகாதார அமைச்சின் வழிகாட்டி வகுத்தது. கட்டி, தோற்சுருக்கம், காம்பு உட்செல்லல், இரத்தக் கசிவு, அக்குள் வீக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் காணின், இடையிலும் காலந்தாழ்த்தலாகாது. கட்டிகளுட் பெரும்பாலானவை புற்று அல்ல என்று தேற்றி, எல்லையின் எப்புறத்ததாயினும் அண்மையிலுள்ள மருத்துவமனைக்கு அப்பெண்ணை உடனே அனுப்புதல் களப்பணியாளரின் கடமையாகும்.