சமையல் எண்ணெய் விலை: சுங்க வரியும் டாலரும் போடும் கணக்கு

எண்ணெய் விலை ஏறினால் வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்கிறார். இறங்கினாலும், "பேப்பரில் வரியைக் குறைத்துவிட்டார்கள் என்று போட்டிருக்கிறதே, நீங்கள் ஏன் குறைக்கவில்லை?" என்று நம்மையே கேட்கிறார். விலை நிர்ணயமாகும் இடமோ நம் கடை அல்ல. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சோயா எண்ணெய் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன் முதலிய நாடுகளிலிருந்தும் வருகின்றன. விலை பேசப்படுவது டாலரில்.

ஆகவே வெளிநாட்டு விலை, டாலரின் மதிப்பு, சுங்க வரி ஆகிய மூன்றும் சேர்ந்தே நம் கொள்முதல் விலையை ஆக்குகின்றன. இவற்றில் வரி மாற்றம் மட்டும் பெரிய எழுத்தில் செய்தியாகிறது. டாலர் ஏற்றம் நாளுக்குச் சில காசுகளாக, சத்தமின்றி நடக்கிறது. முன்னதை மட்டும் பார்த்துச் சரக்கு எடுப்பவர் எங்கே இடறுகிறார் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

வரி எவ்வாறு கூட்டப்படுகிறது?

கச்சா எண்ணெய்க்கு முதலில் அடிப்படைச் சுங்க வரி. அதனுடன் 5 சதவீத வேளாண் கட்டமைப்பு மேம்பாட்டு வரி. இவ்விரண்டும் சேர்ந்த வரித்தொகையின் மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி.

2024 செப்டம்பர் 14-க்கு முன் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை வரி இல்லை. மொத்த வரி 5.5 சதவீதம். அன்று முதல் அடிப்படை வரி 20 சதவீதமாக்கப்பட்டு, மொத்தம் 27.5 சதவீதமாயிற்று. சோயா மொச்சை விலை ஆதரவு விலைக்குக் கீழே கிடந்ததால், உள்நாட்டு விவசாயியைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை அது. பின்னர் 2025 மே மாத இறுதியில் அடிப்படை வரி 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, மொத்தம் 16.5 சதவீதமாயிற்று. சுத்திகரித்த எண்ணெய்க்கு அப்போது 35.75 சதவீதமே நீடித்தது. இரண்டுக்கும் இடையே விட்ட 19.25 சதவீத வித்தியாசம், இங்குள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேலை கிடைப்பதற்காக.

இறக்குமதியின்போது கட்டும் 5 சதவீத ஜி.எஸ்.டி. பின்னர் வரவு வைத்துக்கொள்ளப்படுவதால் அதை நம் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு டன்னுக்குக் கணக்கு

கச்சா பாமாயில் துறைமுகம் வந்து சேர டன்னுக்கு 1,100 டாலர் என்றும், டாலர் 84 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான விலைதான். வரி இல்லாமல் அடக்கம் 92,400 ரூபாய்.

5.5 சதவீத வரியில்: 97,482 ரூபாய்.
27.5 சதவீத வரியில்: 1,17,810 ரூபாய்.
16.5 சதவீத வரியில்: 1,07,646 ரூபாய்.

முதல் மாற்றத்தில் கிலோவுக்கு 20 ரூபாய் 33 காசு ஏறியது. அதாவது 15 கிலோ டின்னுக்கு ஏறத்தாழ 305 ரூபாய். இரண்டாம் மாற்றத்தில் கிலோவுக்கு 10 ரூபாய் 16 காசு, டின்னுக்கு 152 ரூபாய் இறங்கியது.

இனி டாலரைப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் டாலர் 84 ரூபாயை ஒட்டியிருந்தது. 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டு விலை அதே 1,100 டாலர், வரியும் அதே 16.5 சதவீதம் என்றே வைத்து, டாலரை மட்டும் 90 ஆக்கினால் அடக்கம் 1,15,335 ரூபாயாகிறது. கிலோவுக்கு 7 ரூபாய் 69 காசு கூடுதல். வரிக் குறைப்பால் வந்த 10 ரூபாய் 16 காசில் முக்கால் பங்கை டாலரே விழுங்கிவிட்டது!

இதில் ஒரு நுட்பம் உண்டு. சதவீத வரி, ரூபாய் மதிப்பின் மேல் போடப்படுகிறது. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் டன்னுக்கு 1,100 ரூபாய் மட்டும் ஏறுவதில்லை. அதன் மேல் வரியும் சேர்ந்து 1,281 ரூபாய் 50 காசு ஏறுகிறது. வரி விகிதம் மாறாமலே வரித்தொகை கூடுகிறது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தபோது அது தலைப்புச் செய்தியாயிற்று. இன்று சந்தையே சிறுகச் சிறுகக் குறைப்பதால் நமக்கு அறிவிப்பு எதுவும் வருவதில்லை.

விலை ஏன் உடனே மாறுவதில்லை?

கப்பல் கிளம்பிய நாளின் வரி எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. சுங்க இலாகாவில் இறக்குமதி ஆவணம் தாக்கல் செய்யும் நாள், கப்பலுக்கு நுழைவு அனுமதி தரும் நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அன்றைய வரியே பொருந்தும். சுங்கக் கிடங்கில் வைத்த சரக்காயின், வெளியே எடுக்க ஆவணம் தாக்கல் செய்யும் நாளின் வரி. எனவே நடுக்கடலில் வரும் சரக்குக்கும் புது வரி உண்டு. வரி கட்டி டேங்கில் இறக்கிய சரக்குக்குக் கிடையாது. 2024 செப்டம்பரில் வரி ஏறியபோது, பழைய வரியில் வந்த சரக்கு சுமார் 30 லட்சம் டன் இருக்கிறது, 45 முதல் 50 நாட்களுக்குப் போதும் என்று சுட்டிக்காட்டிய மத்திய அரசு, அது தீரும்வரை விலையை உயர்த்த வேண்டாமென்று ஆலைகளைக் கேட்டுக்கொண்டது.

டாலர் கணக்கும் பிந்தியே வரும். இறக்குமதியாளர் பலர் தவணைக் கடனில் வாங்குகிறார்கள். எண்ணெய் விற்றுத் தீர்ந்த பிறகு டாலர் கட்ட வேண்டிவரும். முன்கூட்டியே வங்கியில் டாலர் விலையை உறுதி செய்துகொள்ளாதவருக்கு, இடையில் ஏறிய வித்தியாசம் கைநஷ்டம். அதை அடுத்த சரக்கின் விலையில்தான் அவர் ஈடுகட்ட முயல்வார்.

அடி யாருக்கு?

வரி ஏறும்போது கையில் சரக்குள்ளவருக்கு லாபம்; இறங்கும்போது அவருக்கே நஷ்டம். 50 டின் கையிருப்புள்ள ஒரு கடைக்கு, டின்னுக்கு 152 ரூபாய் வீதம் ஒரே இரவில் 7,600 ரூபாய் மதிப்பு குறைகிறது. டின்னுக்கு 30 ரூபாய் வைத்து விற்பவர் இதை ஈடுகட்ட ஏறத்தாழ 250 டின் விற்றாக வேண்டும். பெரிய ஆலைக்கு இது ஒரு மாதக் கணக்கு. சிறு கடைக்கோ அது முதலையே தொடும் விஷயம்.

நாம் செய்ய வேண்டியவை

1. வரி ஏறப்போகிறது என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்கிச் சரக்கு குவிக்க வேண்டாம். விற்பனை வேகத்துக்கு ஏற்ற கையிருப்பே பாதுகாப்பு.

2. கையிருப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் தேதி, விலை, அன்றைய டாலர் மதிப்பு மூன்றையும் குறியுங்கள். மூன்று மாதத்தில் விலையின் போக்கு உங்களுக்கே புலப்படும். கணக்குப் போடுமுன் அன்றைக்கு அமலில் உள்ள வரியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. ஆலை விலையைக் குறைத்தால், நம்மிடமுள்ள பழைய சரக்குக்கு வித்தியாசத் தொகை உண்டா என்பதை ஏஜெண்டிடம் முன்பே எழுத்தில் பெறுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. 2025 ஜூனில், வரிக் குறைப்பின் பலனை வினியோகஸ்தர் விலையிலும் அதிகபட்ச சில்லறை விலையிலும் காட்டுமாறு மத்திய அரசே எண்ணெய் நிறுவனங்களை அறிவுறுத்தியது. அந்தக் குறைப்பு நம் வாசல்வரை வந்ததா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

4. விலை ஏறிவிட்டது என்று பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது. புது விலைச் சீட்டு ஒட்டி உயர்த்துவதும் குற்றம்.

5. ஓட்டல், விடுதிகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரே விலை என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். வரி மாறினால் மட்டுமன்றி, டாலர் குறிப்பிட்ட அளவு மாறினாலும் விலை திருத்தப்படும் என ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் மீண்டும் வந்து கேட்டால், மேலே கண்ட கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டலாம். வரி குறைந்தது உண்மை, டாலர் ஏறியதும் உண்மை என்று எண்களோடு சொல்லும் கடைக்காரரைக் கொள்ளை லாபக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.