அலமாரியும் அலைபேசியும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டார். "நூலகத்தின் பயன்கள்" என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதைப் பள்ளியிலேயே பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். ஆகவே, உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். "சார், எல்லாந்தான் செல்லுல கிடைக்குதே, அப்புறம் இந்த அலமாரியெல்லாம் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லும் தகுதி நம் சீர்காழிக்காரர் ஒருவருக்கு உண்டு. இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் அங்கே பிறந்தார். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள்! பாடங்களையும் இப்படிக் கூறு கூறாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று யோசித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1933-ல் வெளியான கோலன் பகுப்பு முறை. எந்திரவியல் மாணவர்கள் கவனிக்க!

1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஐந்தாவது, நூலகத்தை வளரும் உயிராகப் பார்க்கிறது. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அவர் ஒரு பொறியாளர். அன்றைக்குக் கிடைத்த வாகனம் மாட்டுவண்டி. இன்றைக்குக் கிடைப்பது செல்போன். ஆகவே செல்போன் நூலகத்துக்கு எதிரி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

பிறகு சிக்கல் எங்கே? அரியலூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் சிவில் மாணவர் ஒருவர், தன் அசைன்மென்ட்டில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்15 போதும் என்று எழுதியிருந்தார். "எங்கேப்பா எடுத்தே?" என்றேன். "செல்லுல வந்துச்சு சார்." விஷயம் முழுப் பொய்யும் அல்ல. ஐ.எஸ். 456 என்ற தரக் குறிப்பின் 1978 பதிப்பு எம்15-ஐ அனுமதித்தது. 2000-ல் வந்த திருத்தத்தில் குறைந்தபட்சம் எம்20 ஆகிவிட்டது. அதுவும் சாதாரணச் சூழலுக்குத்தான். சூழல் கடுமையாக இருந்தால் எம்30 வேண்டும். எம்20 என்றால், 28 நாள் கழித்துச் சோதிக்கும்போது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும் என்று பொருள். 15-க்கும் 20-க்கும் நடுவே உள்ள வித்தியாசம் தாளில் ஐந்துதான். நாளை நீங்கள் மேற்பார்வை பார்க்கும் பள்ளிக்கூடக் கட்டடத்தில், அந்த ஐந்துக்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

எனவே எந்தத் தகவலைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. சொன்னது யார்?
2. சொன்னது எந்த ஆண்டு? அதன் பிறகு திருத்தம் வந்ததா?
3. மூலத்தை நானே பார்த்தேனா?

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் சொல்கின்றன. சரளம் வேறு, சரி வேறு. மூன்றாவது கேள்வியை அங்கே இரண்டு தடவை கேளுங்கள். மூலத்தைப் பார்க்கக் காசும் அதிகம் வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் தரக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின் நூலகம் 2018 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தேடத் தெரியவில்லையா? என் மேஜைக்கு வாருங்கள். தேடக் கற்றுத் தருவதும் ஆசிரியப் பணிதான். புத்தகம் எடுத்துக் கொடுப்பதோடு நூலகர் வேலை முடிந்துவிடாது.

இன்னொரு வேண்டுகோள். படிப்பதோடு நிற்காமல் எழுதுங்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. இன்று சிமெண்ட் ஆலைச் சூளையில் வேகிறது. அந்த ஆலைக்குப் பயிற்சிக்குப் போய் வருகிறீர்கள். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயக் காட்டில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறீர்கள். அங்கே கண்டது, பழுதுபட்டது, சரிசெய்த விதம் எல்லாவற்றையும் தேதி போட்டு, நல்ல தமிழிலே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத உட்கார்ந்தால்தான் நமக்குப் புரியாதது எது என்று நமக்கே தெரியும். உங்கள் தம்பி தங்கைகள் அடுத்த ஆண்டு தேடும்போது, எந்தச் செல்லிலும் கிடைக்காத அந்தச் செய்தி நம் அலமாரியில் கிடைக்கட்டும்.

தேடுங்கள், சோதியுங்கள், எழுதுங்கள். தேர்விலும் தொழிலிலும் வெற்றி பெற வாழ்த்துகள்!