பில்ட்-இன் மைக்ரோவேவ்: மெஷினுக்கு 8 வருஷம், கடனுக்கு 20 வருஷம்

புது ஃப்ளாட் சாவி கைக்கு வந்த மூணாவது நாள், என் தங்கை வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பினா. மாடுலர் கிச்சன் கோட்டேஷன், பதினோரு பக்கம். கூடவே ஒரே வரி: "அண்ணா, இதுல எதைக் குறைக்கலாம்?"

மேடவாக்கத்துல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. டவுன் பேமென்ட், பத்திரப் பதிவு எல்லாம் முடிஞ்ச பிறகு கையில மிச்சம் இருந்தது அவசரத் தேவைக்குன்னு எடுத்து வெச்ச 1,80,000 ரூபாய் மட்டும்தான். கோட்டேஷனோ பட்ஜெட்டைத் தாண்டி சரியா ஒரு லட்சம் அதிகம். அந்த ஒரு லட்சம் எங்கே இருக்குன்னு தேடினா, ஏழாவது பக்கத்துல ஒரே வரியில உட்கார்ந்திருந்தது: "அப்ளையன்ஸ் டவர், பில்ட்-இன் மைக்ரோவேவ் உட்பட".

நான் கணக்கு பார்க்கிறவன், கார்பெண்டர் இல்லை. ஆனா இந்த ஒரு வரியைப் பிரிச்சுப் பார்த்ததுல நிறைய விஷயம் கிடைச்சுது. முதல் வீடு வாங்கப் போற உங்களுக்கும் உதவும்னுதான் இதை எழுதறேன்.

ஒரு வரியை மூணு வரியாக்குங்க

கம்பெனிக்கு போன் பண்ணி, "மெஷின், மர வேலை, ஃபிட்டிங் மூணுக்கும் தனித்தனி விலை கொடுங்க, மாடல் நம்பரோட" என்று கேட்கச் சொன்னேன். ரெண்டு நாள் இழுத்தடிச்சு வந்த பதில்: மெஷின் 62,000, டால் யூனிட் 34,000, எலக்ட்ரிக்கல் பாயின்ட்டும் ஃபிட்டிங்கும் 4,000. மாடல் நம்பர் கையில கிடைச்சதும் தங்கை பக்கத்து ஷோரூம்ல விசாரிச்சா. அதே மெஷின் 54,000. மொத்தமா பணம் கட்டினா 51,000.

மாடல் நம்பர் இல்லாத கோட்டேஷன்ல எந்த அப்ளையன்ஸும் வாங்காதீங்க. விலைக்காக மட்டும் சொல்லலை. பில் உங்க பேர்ல, மாடல் நம்பர், சீரியல் நம்பரோட இருக்கணும். "கிச்சன் வேலை, லம்ப்சம்" என்று ஒரே பில் போட்டுக் கொடுத்தாங்கன்னா, பின்னாடி வாரன்டி கேட்டுப் போகும்போது காட்ட உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. வாரன்டி கார்டையும் படிங்க. பல பிராண்டுகள்ல மொத்த மெஷினுக்கு ஒரு வருஷம், உள்ளே இருக்கிற மெக்னெட்ரானுக்கு மட்டும் அதைவிட நீண்ட காலம். விளம்பரத்துல பெருசா தெரியறது ரெண்டாவது நம்பர்தான்.

"கவுன்டர் இடம் மிச்சம் சார், சென்னையில சதுர அடி என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்" என்று டிசைனர் சொன்னாராம். கேட்க நல்லாத்தான் இருக்கு. அளந்து பாருங்க. மேடையில வைக்கிற 28 லிட்டர் மைக்ரோவேவ் எடுத்துக்கற இடம் சுமார் இரண்டரை சதுர அடி. 60 செ.மீக்கு 60 செ.மீ டால் யூனிட் தரையில பிடிக்கிற இடம் கிட்டத்தட்ட 4 சதுர அடி. டவர்ல மேலயும் கீழயும் அலமாரி கிடைக்குது, அது உண்மை. அப்படின்னா அதை அலமாரின்னு சொல்லி விக்கணும், இட மிச்சம்னு சொல்லக் கூடாது.

நீங்க வாங்கறது ஒரு ஓட்டை

பில்ட்-இன் மெஷின்ல முக்கியமான நம்பர் லிட்டர் இல்லை, அது உட்காரப் போற ஓட்டையோட அளவு. பெரும்பாலான பில்ட்-இன் மைக்ரோவேவ் 60 செ.மீ கேபினெட்டுக்காகச் செய்யப்பட்டது. உள் அகலம் 56 செ.மீ. உயரத்துல ரெண்டு ஜாதி: சாதாரண மைக்ரோவேவுக்கு சுமார் 38 செ.மீ, கன்வெக்ஷனோட வர்ற காம்பாக்ட் அவனுக்கு 45 செ.மீ. ஆழம் 55 செ.மீ இருந்தா கிட்டத்தட்ட எல்லாமே உட்காரும். மேல்சுவர் கேபினெட்ல வைக்கிற ஒல்லி மாடல்களுக்கு 30, 32 செ.மீ ஆழமே போதும், ஆனா அந்த ரகத்துல சாய்ஸ் கம்மி.

இதை ஏன் இவ்வளவு நீட்டறேன்? மெஷின் ஒருநாள் போகும். எட்டு வருஷம்னு வெச்சுக்கலாம். அன்னைக்கு அதே மாடல் கடையில இருக்காது. ஓட்டை பொதுவான அளவுல இருந்தா இன்னொரு பிராண்டை வாங்கிச் சொருகிடலாம். டிசைனர் அந்த ஒரு மாடலுக்காக ஒட்டி வெட்டியிருந்தாலோ, நீங்க அரிதான அளவுல ஒரு மாடல் எடுத்திருந்தாலோ, 40,000 ரூபாய் மெஷினோட சேர்த்து மர வேலையும் திரும்பச் செய்யணும். எட்டு வருஷம் கழிச்சு அதே நிற லேமினேட் கிடைக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

கம்பெனி கணக்குல இதுக்கு ஒரு விதியே இருக்கு. ஒரு சொத்துக்குள்ள ஆயுசு வேற வேறயா இருக்கிற பெரிய பாகங்கள் இருந்தா, ஒவ்வொண்ணுக்கும் தேய்மானம் தனித்தனியா போடணும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தோட இரண்டாம் அட்டவணையில வருது. மர கேபினெட் 15 வருஷம் ஓடும், மைக்ரோவேவ் அதுல பாதிதான் ஓடும். கோட்டேஷன் ரெண்டையும் ஒரே பொருளா விக்குது.

சரி, சாதாரண மைக்ரோவேவையே வாங்கி அந்த ஓட்டைக்குள்ள தள்ளிடலாமே? நிறைய பேர் செய்யறாங்க, செய்யக் கூடாது. பில்ட்-இன் மெஷின் மூடின கேபினெட்டுக்குள்ள இருந்து சூட்டை வெளியே தள்ளற மாதிரி வடிவமைக்கப்பட்டது. மேடை மாடல் அப்படி இல்லை. அதோட மேனுவல்ல மேலே, பின்னாடி, பக்கவாட்டுல எவ்வளவு இடைவெளி விடணும்னு போட்டிருக்கும். பல மாடல்களுக்கு மேலே மட்டுமே 20 செ.மீ. அதை விடாம நாலு பக்கமும் பலகை அடிச்சா மெஷின் சூடாகி அடிக்கடி கட் ஆகும், சீக்கிரம் போகும். (சூடான இருட்டு மூலைன்னா கரப்பான் பூச்சிக்கு கொண்டாட்டம். சர்க்யூட் போர்டுக்குள்ள அது குடியேறினா சர்வீஸ்காரர் "இது வாரன்டில வராது சார்" என்று சொல்வார். எங்க வீட்ல நடந்தது.)

உங்களுக்கு நிஜமா எந்த வகை வேணும்?

சோலோ சூடு பண்ணும், வேக வைக்கும். கிரில் மேல்பக்கம் முறுக விடும். கன்வெக்ஷன்ல கேக், பிஸ்கட், தந்தூரி வரும். ஷோரூம்ல எல்லாரும் கன்வெக்ஷன் பக்கம் இழுப்பாங்க. வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க: மைக்ரோவேவ் இருந்திருந்தா இன்னைக்கு எதுக்குப் பயன்படுத்தியிருப்போம்னு தினமும் போன்ல குறிச்சு வையுங்க. தங்கை எழுதினது: காலையில பால், ராத்திரி சாம்பார், சாதம், ஒருநாள் பாப்கார்ன். கேக் ஒரு தடவைகூட இல்லை. "பேக்கிங் கத்துக்கப் போறேன் அண்ணா" என்றா. கத்துக்கட்டும், சந்தோஷம். கத்துக்கிட்ட பிறகு வாங்கலாமே.

யாரும் கோட்டேஷன்ல போடாத ஒரு செலவு இருக்கு. நம்ம வீட்டுப் பாத்திரம் முக்கால்வாசி எவர்சில்வர். மைக்ரோவேவ் மோட்ல அதை உள்ளே வைக்க முடியாது. கண்ணாடி, பீங்கான் பாத்திரம்னு மூணு நாலாயிரம் தனியா போகும். வாங்கலைன்னா, சாம்பாரை வேற பாத்திரத்துக்கு மாத்தறதுக்கு சோம்பல்பட்டு அடுப்புலயே சுட வைப்பீங்க. மெஷின் மணி காட்டிக்கிட்டு இருக்கும்.

மணி காட்டறதுக்கும் கரண்ட் உண்டு. 900 வாட்ஸ்னு போட்டிருக்கிற மைக்ரோவேவ் நிஜத்துல இழுக்கறது சுமார் 1,400 வாட்ஸ். தினம் பத்து நிமிஷம் ஓட்டினா ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட். பெரிய செலவு இல்லை. சும்மா கடிகாரம் காட்ட 3 வாட்ஸ்னு வெச்சாலும் அதே ரெண்டு மாசத்துல 4 யூனிட்டுக்கு மேல. மேடை மாடல்னா சுவிட்சை ஆஃப் பண்ணிடுவீங்க. பில்ட்-இன்ல சுவிட்ச் பல சமயம் மெஷினுக்குப் பின்னாலயே மாட்டிக்கும். பாயின்ட்டை பக்கத்து அலமாரிக்குள்ள வைக்கச் சொல்லுங்க. 16 ஆம்பியர் பாயின்ட்டா இருக்கணும். 6 ஆம்பியர் சாக்கெட்டோட எல்லை 230 வோல்ட்ல 1,380 வாட்ஸ்தான். கன்வெக்ஷன் மெஷின் 2,000 வாட்ஸுக்கு மேல இழுக்கும்.

உயரத்தையும் வீட்ல யார் பயன்படுத்துவாங்களோ அவங்களை நிக்க வெச்சு முடிவு பண்ணுங்க. மெஷினோட அடித்தட்டு தோளுக்கு மேல போகக் கூடாது. எங்க அம்மா ஐந்தடி. டிசைனர் வரைஞ்ச படத்துல கொதிக்கிற பால் அவங்க நெத்தி உயரத்துல இருந்து இறங்கும்.

பணம் எங்கிருந்து வருது?

மாப்பிள்ளைக்கு ரெண்டு யோசனை இருந்தது. ஒண்ணு, ஷோரூம்ல நோ காஸ்ட் இஎம்ஐ. மாசம் 4,500, பன்னிரண்டு மாசம், மொத்தம் 54,000. வட்டியே இல்லையேன்னு கேட்டார். வட்டி இருக்கு. பேங்க் 15% போடுதுன்னு வெச்சுக்கோங்க. விலையில அந்த வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுத்து, சுமார் 49,860 ரூபாயைக் கடனா காட்டுவாங்க. வட்டி சுமார் 4,140. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, 745 ரூபாய், உங்க கார்டுல வரும். ப்ராசஸிங் ஃபீ 199, அதுக்கும் ஜிஎஸ்டி, மொத்தம் 235. ஆக 54,980 கட்டறீங்க. இதே மெஷின் மொத்தப் பணத்துக்கு 51,000. அந்த வித்தியாசத்தை வருஷ வட்டியா மாத்தினா சுமார் 14%. நோ காஸ்ட் இஎம்ஐ எடுக்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட "ஒரே தடவையில கட்டினா எவ்வளவு?" என்று கேளுங்க. அந்த பதில்தான் மெஷினோட நிஜ விலை.

ரெண்டாவது யோசனைதான் எனக்கு பகீர்னு இருந்தது. வீட்டுக் கடன் மேல ஒரு லட்சம் டாப்-அப். "வட்டி 9%தான் மச்சான், மாசம் 900 ரூபாய், தெரியவே தெரியாது." தெரியாதுதான். 20 வருஷத்துக்கு 900 ரூபாய்னா மொத்தம் 2,16,000. அதையும் விடுங்க. எட்டாவது வருஷம் மெஷின் போகுதுன்னு வெச்சா, அன்னைக்கு அந்த ஒரு லட்சத்துல இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கும்? சுமார் 79,000. மெஷின் பழைய இரும்புக் கடையில இருக்கும், அடுத்த மெஷினுக்கும் பணம் தேடணும், முதல் மெஷினுக்கு இன்னும் 12 வருஷம் இஎம்ஐ போகும்.

"வரிச்சலுகை வருமே?" என்று கேட்டார். புது வரி முறையில சொந்தமா குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. பழைய முறையிலயும் வீடு வாங்க, கட்ட, பழுதுபார்க்க, புதுப்பிக்க எடுத்த கடனோட வட்டிக்குத்தான் கழிவு. மைக்ரோவேவ் இதுல எதுலயும் சேராது. நாளைக்கு வீட்டை விக்கும்போது மூலதன ஆதாயக் கணக்குல மைக்ரோவேவ் விலையைச் சேர்க்கலாமான்னும் சிலர் கேக்கறாங்க. கழட்டி எடுத்துட்டுப் போகிற பொருள் வீட்டோட மேம்பாட்டுச் செலவு ஆகாது.

மூணாவதா சொல்லாம இருந்த யோசனை, அந்த 1,80,000. அதுல கை வைக்கறதுன்னா மிச்சம் 80,000. இவங்க ரெண்டு பேருக்கும் வீட்டு இஎம்ஐயோட சேர்த்து மாசச் செலவு 70,000. ஒருத்தருக்கு வேலை போனா ஒரு மாசம் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

பில்ட்-இன் தப்புன்னு நான் சொல்லலை. பார்க்க அழகு, துடைக்க சுலபம், எனக்கே ஆசை உண்டு. சொந்த வீடு, வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கன்வெக்ஷன் பயன்பாடு, உங்க ஊர்லயே அந்த பிராண்டோட சர்வீஸ், கையில ரொக்கம் — இந்த நாலும் இருந்தா தாராளமா வாங்குங்க. வாடகை வீட்டுக்கு யோசிக்கவே வேண்டாம், காலி பண்ணும்போது ஓட்டையை எடுத்துட்டுப் போக முடியாது.

தங்கை கடைசியில டவர்ல இருந்து மெஷினை மட்டும் நீக்கச் சொன்னா. நடுவுல கதவு இல்லாம, பின்பலகை இல்லாம, 60 செ.மீ உயரத்துக்கு ஒரு திறப்பு. உள் அகலம் 56, ஆழம் 55. பலகையை ஏத்தி இறக்க ரெண்டு பக்கமும் துளை. பக்கத்து அலமாரிக்குள்ள 16 ஆம்பியர் பாயின்ட். அந்தத் திறப்புல இப்போ 20 லிட்டர் சோலோ உட்கார்ந்திருக்கு, ஏழாயிரத்துக்குள்ள முடிஞ்சுது, டெபிட் கார்டு. 1,80,000 அப்படியே இருக்கு.

தீபாவளி போனஸ்ல பில்ட்-இன் வாங்கப் போறதா மாப்பிள்ளை இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார். அளவு மறந்துடக் கூடாதுன்னு தங்கை ஒரு துண்டு பேப்பர்ல 56, 38, 55ன்னு எழுதி, பக்கத்து அலமாரிக் கதவோட உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கா.