தந்திரத்துக்கு எத்தனை இங்கிலீஷ்?

தந்திரம் என்ற ஒரு சொல்லுக்கு இங்கிலீஷில் பல சொற்கள் இருக்கு. எது எங்கே வரும்? நம்ம பக்கத்து ஊர் செஞ்சிக் கோட்டையை வைத்தே பார்ப்போம்.

1689-ல் சிவாஜியின் மகன் ராஜாராம், அவுரங்கசீப் படையிடம் சிக்காமல் மாறுவேடம் போட்டுக்கொண்டு செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். இப்படி ஆளை ஏமாற்றுவது 'ட்ரிக்'. பிறகு மொகலாயர் கோட்டையை முற்றுகை போட்டார்கள். அது விழுந்தது 1698-ல்தான். அதிலும் ராஜாராம் தப்பிவிட்டார்! அவ்வளவு பெரிய படையைப் பல வருஷம் இங்கேயே கட்டிப்போட்டது 'ஸ்ட்ராட்டஜி', அதாவது போர் உத்தி. படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அன்றைய சண்டையில் ஆட்களை எங்கே நிறுத்துவது என்பது 'டேக்டிக்ஸ்'.

'கன்னிங்' மட்டும் உஷார்! அது குள்ளநரித்தனம். கெட்டிக்காரத் தோழியைப் பற்றி அப்படி எழுதினால் சண்டைதான் வரும். 'க்ளெவர்' என்று எழுதுங்க. ஆனா அந்தக் காலத்து இங்கிலீஷில் கன்னிங் என்றால் அறிவு, திறமை. நம்ம 'சூழ்ச்சி'யும் அப்படித்தான். திருக்குறளில் அதற்கு ஆலோசனை என்று பொருள். இப்போ 'சூழ்ச்சிக்காரி' என்று கூப்பிட்டா யாராவது சும்மா இருப்பாங்களா?