ஆஸ்துமா உள்ள பிள்ளையுடன் தீம் பார்க்: மார்கழி, தை மாதங்களுக்கான ஆலோசனை

காலம்: அரையாண்டு விடுமுறை தொடங்கித் தை மாத இறுதி வரை
யாருக்கு: ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர், உடன் போகும் உறவினர்கள், சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள்

ஆஸ்துமா இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே ஓடலாம், சறுக்கலாம், ராட்டினத்தில் ஏறிக் கத்தலாம். நோய் கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்கோ எந்தப் பூங்காவும் சரிப்படாது. ஈஞ்சம்பாக்கம் விஜிபியா, முட்டுக்காடு எம்ஜிஎம்மா, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரா என்பது இரண்டாவது கேள்விதான். போவதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் எப்படிக் கழிந்தன என்பதே அந்த நாளைத் தீர்மானிக்கும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகளை முதலில் சொல்கிறோம்.

இந்தப் பருவத்தில் ஏன் கூடுதல் கவனம்?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்புறம், வெளியே அறிகுறி எதுவும் தெரியாத நாட்களிலும் சற்று வீங்கியிருக்கும். சளிக்காய்ச்சல், புகை, தூசு, குளிர்காற்று, வேகமான ஓட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தூண்டினால், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். சளி கூடுதலாகச் சுரக்கும். காற்று போகும் வழி குறுகும். ஒரு தூண்டலைச் சமாளிக்கும் பிள்ளை, அடுத்தடுத்து நான்கு வந்தால் தடுமாறிவிடும்.

நம் ஊரில் பொங்கல் வாரத்தில் அப்படித்தான் வருகின்றன. முதலில் வீடு முழுக்க ஒட்டடை அடிக்கிறோம். பரணில் இருந்து பழைய சாமான்களை இறக்குகிறோம். பிறகு வெள்ளையடிப்பு, பெயின்ட் வாசனை. போகியன்று விடியற்காலையில் தெருவெங்கும் புகை. பனியும் சேர்ந்துகொள்வதால் அது மேலே போகாமல் தாழவே நிற்கும். சென்னையில் போகிப் புகையால் விமானங்கள் தாமதமான ஆண்டுகளும் உண்டு. மறுநாள் பொங்கல் பானைக்கு முன் விறகுப் புகை. உறவினர் வீட்டில் தங்கினால் இரவில் கொசுவர்த்திச் சுருள். இவற்றையெல்லாம் தாண்டி, காணும் பொங்கலன்று நெரிசலில் பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம். வீசிங் வந்தால் பழி பூங்காத் தண்ணீர்மேல் விழுகிறது. ஆனால் மூச்சுக்குழாய் நான்கைந்து நாட்களாகவே புண்பட்டுத்தான் இருந்திருக்கும்.

இரண்டு வாரத்துக்கு முன்: இன்றே தொடங்குங்கள்

கடந்த 4 வாரங்களை நினைத்துப் பார்த்து இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

- பகலில் இருமலோ இளைப்போ வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வந்ததா? (5 வயதும் அதற்குக் கீழும் என்றால், ஒரு முறைக்கு மேல்.)
- இரவில் இருமலால் தூக்கம் கலைந்ததா?
- உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர், பொதுவாக நீல நிறத்தில் இருப்பது, வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? (சிறு பிள்ளைகளுக்கு ஒரு முறைக்கு மேல்.)
- பிள்ளை விளையாட்டைப் பாதியில் நிறுத்தி உட்கார்ந்ததா?

ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். டிக்கெட் பிறகு எடுக்கலாம். பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: இளைப்பு வந்தால் எத்தனை பஃப், எத்தனை நிமிட இடைவெளியில் என்று எழுதிய தாள், ஓட்டத்துக்கு முன் பஃப் எடுக்க வேண்டுமா என்ற பதில், நீங்கள் மருந்து கொடுக்கும் முறை சரிதானா என்ற சோதனை. உங்கள் இன்ஹேலரையும், அதில் பொருத்தும் குழலான ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், அவர் முன்னாலேயே ஒரு முறை செய்து காட்டுங்கள்.

தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை ஒரு நாளும் விடாதீர்கள். புடசொனைடு, புளூட்டிகசோன் போன்ற இந்த மருந்துகள் வீக்கத்தைக் குறைக்கச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்று டிசம்பரில் நிறுத்திவிட்டு, கிளம்புவதற்கு முந்தைய இரவில் இரண்டு பஃப் கொடுப்பதால் பயனில்லை. எடுத்த பின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பழக்கமாகாது. நிவாரணம் தரும் சால்பியூட்டமால் இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம் மருந்துதான் இருக்கிறது. அதே மருந்து 5 மில்லி சிரப்பில் 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. குறைந்த மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் பலன் சீக்கிரம் தெரியும், பக்கவிளைவும் குறைவு.

நாளைத் தேர்ந்தெடுங்கள்

- போகி முதல் காணும் பொங்கல் வரையான நாட்களைத் தவிருங்கள். பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்து, முடிந்தால் வேலைநாளில் போங்கள். கூட்டம் குறைவு, வரிசை குறைவு, சாலைப் புகையும் குறைவு.
- பிள்ளைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் ஒத்திப்போடுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்துமா திடீரென்று கூடுவதற்கு முதன்மைக் காரணம் சளி வைரஸ்தான். மூக்கொழுகல் நின்ற பிறகும் சில வாரங்களுக்கு மூச்சுக்குழாய் எளிதில் இறுகும்.
- மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அன்றைய காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 100 வரை போகலாம். 101 முதல் 200 வரை என்றால் ஓட்டத்தைக் குறைத்து, கவனத்தைக் கூட்டுங்கள். 200ஐத் தாண்டினால் வேறொரு நாள் போய்க்கொள்ளலாம்.
- பனி விலகிய பிறகு உள்ளே நுழையும்படி கிளம்புங்கள். தண்ணீர் விளையாட்டுகளை 11 மணிக்கு மேல் வைத்துக்கொண்டு, வெயில் இறங்குவதற்குள் உடை மாற்றிவிடுங்கள். மேட்டுப்பாளையம் போன்ற மலையடிவார ஊர்களில் காலைக் குளிர் கூடுதல் என்பதால் இது இன்னும் முக்கியம்.
- போகியன்று விடியலில் சன்னல்களைச் சாத்தி, பிள்ளையை உள்ளேயே வைத்திருங்கள். பழைய பொருட்களை எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

- நிவாரணி இன்ஹேலர். முந்தைய இரவே குலுக்கி, காற்றில் அழுத்தி, மருந்து வருகிறதா என்று பாருங்கள். காலாவதித் தேதியையும், எண் காட்டும் வகை என்றால் மீதமுள்ள அளவையும் பாருங்கள். முடிந்தால் இன்னொன்றும் உபரியாக இருக்கட்டும்.
- ஸ்பேசர், சிறு குழந்தை என்றால் முகமூடியும். நெபுலைசர் வீட்டில் இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள். சாதாரண இளைப்புக்கு ஸ்பேசர் வழி பஃப் அதற்குக் குறைந்ததல்ல, மின்சாரமும் வேண்டாம்.
- மருத்துவர் எழுதிய தாள். கைபேசியில் அதன் படம்.
- துண்டு, மாற்று உடை, தலையும் மூக்கும் மூட மெல்லிய துணி, குடிநீர்.

இன்ஹேலரைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அது அழுத்தமூட்டிய குப்பி. மூடிய காரின் வெயில் சூடு அதற்கு ஆகாது. பொருட்காப்பறையிலும் வைக்காதீர்கள். பூங்காக்களில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான்: பிள்ளை அலைக்குளத்தில் இருக்கும், மருந்து எங்கோ ஒரு லாக்கரில் இருக்கும், சாவி அப்பாவின் கையில் இருக்கும், அப்பா சறுக்குமேட்டின் உச்சியில் இருப்பார். தண்ணீர் புகாத சிறு பையில் இன்ஹேலரைப் போட்டு, பெரியவர் ஒருவர் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அவர் விளையாட்டில் ஏறாமல், பிள்ளை இறங்கும் வாசலில் நிற்கட்டும். அம்மா, அப்பா, சித்தப்பா என்று முறை மாற்றிக்கொள்ளலாம். பையும் கூடவே கைமாற வேண்டும்.

பூங்காவுக்குள்

உள்ளே போனதும் முதலுதவி அறை எங்கே என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள். நுழைவாயில் சோதனையில் "பிள்ளைக்கு ஆஸ்துமா, இது மருந்து" என்று சொன்னால் போதும்.

மெதுவான விளையாட்டில் தொடங்கி வேகமானவற்றுக்குப் போங்கள். ஓட்டத்தால் வரும் இறுக்கம், பெரும்பாலும் ஓடி நின்ற பிறகு 5 முதல் 10 நிமிடத்தில்தான் உச்சமாகும். ஆகவே ஒரு விளையாட்டு முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். ஓட்டத்துக்கு முன் பஃப் எடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், 10 முதல் 15 நிமிடம் முன்னதாகக் கொடுங்கள்.

குளத்தருகே கண் எரியும் அளவுக்கு நெடி அடித்தால் அங்கே இறங்க வேண்டாம். அந்த நெடி, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் வாயுவினுடையது, மூச்சுக்குழாயை உறுத்தக்கூடியது. சுவர் சூழ்ந்த உள்ளரங்குக் குளங்களில் இது தங்கி நிற்கும். குளித்துவிட்டு இறங்குவது நம் பிள்ளைக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது.

பனிக்கூடங்களில் காற்று குளிர்ச்சியும் வறட்சியும் மிக்கது. நோய் நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் மூக்கை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு வரலாம். அண்மையில் இளைப்பு வந்த பிள்ளைக்கு வேண்டாம். பேய் வீடுகளிலும் மழை நடனத் தளங்களிலும் செயற்கைப் புகை விடுகிறார்களா என்று முன்பே கேளுங்கள். விலங்கு ரோமம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் குதிரை, ஒட்டகச் சவாரி ஆகாது. மூச்சு நோய் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று பலகை வைத்திருந்தால், அதை மீற வேண்டாம்.

"நல்லா இருக்கேன்" என்ற பதிலை நம்பாதீர்கள்

நெதர்லாந்து உளவியலாளர்கள் சைமன் ரீட்வெல்டும் இல்யா வான் பேஸ்டும் கடும் ஆஸ்துமா உள்ள 25 இளம்பெண்களை ரோலர் கோஸ்டரில் ஏற்றிச் சோதித்து, முடிவை 2007இல் வெளியிட்டார்கள். ஏறுவதற்குச் சற்று முன், பயத்தில் மூச்சுத்திணறலை அதிகமாக உணர்ந்தார்கள். இறங்கியதும், உற்சாகத்தில், குறைவாக உணர்ந்தார்கள். சவாரியால் நுரையீரலின் திறன் குறைந்திருந்தவர்களும் அப்படித்தான் உணர்ந்தார்கள்.

சந்தோஷம் மூச்சிரைப்பை மறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வளர்ந்தவர்களுக்கே அப்படி என்றால், அடுத்த வரிசைக்கு ஓடத் துடிக்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம் "மூச்சு வாங்குதா?" என்று கேட்டு என்ன பதில் கிடைக்கும்? கேட்பதை விட்டுவிட்டுப் பாருங்கள். தோள்பட்டை ஏறி இறங்குகிறதா, சிரிக்கும்போது இருமல் வருகிறதா, ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்கிறதா என்று பாருங்கள். விடாத இருமலும் இளைப்புதான்; விசில் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இளைப்பு வந்துவிட்டால்

மருத்துவர் தந்த தாள் இருந்தால் அதன்படி செய்யுங்கள். சில பிள்ளைகளுக்குத் தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் ஒரே இன்ஹேலர் கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கு மருத்துவர் எழுதித் தந்த அளவே. தாள் இல்லாத நிலையில், ஆஸ்திரேலியாவின் தேசிய ஆஸ்துமா கவுன்சில் பொதுமக்களுக்குச் சொல்லித்தரும் நான்கு-நான்கு-நான்கு முறை நினைவில் நிற்கும்.

1. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். கூட்டத்தை விலக்குங்கள். உங்கள் குரல் நிதானமாக இருக்கட்டும்.
2. நீல இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரு பஃப். அதிலிருந்து 4 முறை மூச்சு. இப்படி, ஒவ்வொன்றாக, 4 பஃப். ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள்.
3. 4 நிமிடம் பொறுங்கள்.
4. குறையவில்லை என்றால் மீண்டும் 4 பஃப்.
5. அப்போதும் குறையவில்லை என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வண்டி வரும்வரை 4 நிமிடத்துக்கு ஒருமுறை 4 பஃப் தொடரட்டும்.

பின்வருவனவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் உடனே 108: பேச முடியாமல் ஒற்றைச் சொற்களாகச் சொல்வது; விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக் குழியிலும் தோல் உள்வாங்குவது; உதடு நீலம் பாய்வது; பிள்ளை சோர்ந்து துவள்வது. முன்பு கேட்ட விசில் சத்தம், பிள்ளை தெளியாமலே நின்றுபோனால் அது மிக ஆபத்தான அடையாளம்.

தைலம் தடவுவது, ஆவி பிடிக்க வைப்பது, சூடாக எதையாவது குடிக்கச் சொல்லி வற்புறுத்துவது, இவற்றில் ஒரு நிமிடத்தையும் செலவிடாதீர்கள். குணமாகிவிட்டாலும் அன்றைய விளையாட்டு அதோடு முடிந்தது. 4 மணி நேரத்துக்குள் மறுபடி பஃப் தேவைப்பட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.

பள்ளிச் சுற்றுலா என்றால்

ஆசிரியர்களே, கிளம்பும் முன் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எழுதிய இன்ஹேலரும் ஸ்பேசரும் பேருந்தில் கிடக்காமல், அந்தக் குழுவோடு நடக்கும் ஆசிரியரின் தோள்பையில் இருக்கட்டும். கொடுக்கும் முறையைப் பெற்றோரிடம் ஒரு முறை செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, "சொன்னால் கூட்டிப் போக மாட்டார்கள்" என்று நோயை மறைக்காதீர்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று பள்ளியிடம் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

வீடு திரும்பிய பின்

தூண்டலுக்குப் பல மணி நேரம் கழித்தும் மூச்சுக்குழாய் மறுபடி இறுகலாம். அன்றிரவு பிள்ளை உங்கள் அருகில் தூங்கட்டும். அறையில் கொசுவர்த்தி வேண்டாம், வலை கட்டுங்கள். அலுப்பில் பிள்ளை அப்படியே தூங்கிப்போனாலும், எழுப்பித் தடுப்பு இன்ஹேலரைக் கொடுத்த பிறகு படுக்க விடுங்கள். அடுத்த இரண்டு நாட்களில் நீல இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது என்று குறித்து வையுங்கள். மருத்துவரை அடுத்துப் பார்க்கும்போது அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். அடுத்த பயணத்துக்கு மருந்தின் அளவை முடிவு செய்ய அவருக்கு அது உதவும்.