வாழையில் முடிக்கொத்து நோயும் சங்க அங்கத்தினர் கடமையும்

சிறுமலையிலும் கீழ்ப் பழனி மலைகளிலும் பெயர் பெற்று விளங்கிய மலைவாழை, 1970-களில் முடிக்கொத்து நோயினால் பெரும் நாசமடைந்தது. நோய் கண்ட வாழையைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆயினும் பரவாமல் தடுக்கலாம். அது ஒருவர் தனித்துச் செய்யக்கூடிய காரியமன்று. ஆதலின் அங்கத்தினர் யாவரும் இதனை அறிதல் அவசியமாகும்.

நோய் பரவும் விதம்

இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் ஆகும். செடியின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றித் திடமான சுவர் உண்டு. அச்சுவரைத் துளைக்கும் சக்தி வைரஸுக்குத் தானாக இல்லை. அசுவினி என்னும் செடிப்பேன், ஊசி போன்ற வாயால் சாற்றை உறிஞ்சும்போது அதனை உள்ளே செலுத்துகிறது. இவ்வுண்மையை ஆஸ்திரேலியாவில் மகீ என்பவர் 1920-களில் நிரூபித்தார்.

உயிரணுக்களின் சுவர்களில், உணவுப் பொருள்கள் செல்வதற்கென்று மிக நுண்ணிய துவாரங்கள் இயற்கையாகவே அமைந்துள்ளன. செடிகளைத் தாக்கும் வைரஸ்கள் பொதுவாக இத்துவாரங்களின் வழியே ஓர் அணுவினின்று மற்றோர் அணுவுக்குச் செல்கின்றன. வாழை வைரஸ் சாறு ஓடும் குழாய்களிலேயே தங்கிப் பெருகி, கிழங்கையும் பக்கக்கன்றுகளையும் அடைகிறது. ஆகவே தாய்மரத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கன்றை வைத்துக்கொள்வதால் பயனில்லை.

அடையாளங்கள்

இலைக்காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் காணும். பின்வரும் இலைகள் குறுகி, ஓரம் மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். இளமையில் நோயுற்ற மரம் குலை தள்ளாது.

செய்ய வேண்டுவன

1. நோயற்ற தோட்டத்துக் கன்றுகளையோ, வைரஸ் இல்லையென்று சோதிக்கப்பட்ட திசு வளர்ப்புக் கன்றுகளையோ மட்டும் நடுக.

2. தோட்டத்தை அடிக்கடி சுற்றிப் பார்வையிடுக.

3. நோய் கண்ட மரத்தில் முதலில் அசுவினிகளைக் கொல்லுக. இன்றேல் வெட்டும்போது அவை பக்கத்து மரங்களுக்குப் போய்விடும். பிறகு தூர் முழுவதையும் கிழங்கோடு தோண்டித் துண்டாக்கி அழித்துவிடுக.

சங்கத்தின் கடமை

நோயுள்ள தூரை வெட்டுகிறவருக்கு நஷ்டம் உடனே தெரிகிறது; லாபமோ அண்டை அயலாரைச் சேருகிறது. இதனாலேயே பலர் தயங்குகின்றனர். ஆனால் அவர் விட்டுவைத்த ஒரு தூர், ஊரார் தோட்டங்களுக்கெல்லாம் நோயின் ஊற்றாகிவிடும். எனவே சங்கம் பொதுவில் நல்ல கன்றுகளை வாங்கி, தூரை அழித்தவருக்கு முதலில் கொடுக்கத் தீர்மானிப்பது நலம். நஷ்டத்தைப் பலர் பகிர்ந்துகொண்டால், தூரை வெட்ட எவரும் தயங்கமாட்டார்.