கப்பல் உடைஞ்ச ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

சரக்குப் பாதுகாப்புல ஃபைனல் இயர் புராஜெக்ட் எடுத்தா முதல்ல இடிக்கிறது காசு. நல்ல ஜர்னல் பேப்பரைத் தொட்டாலே பூட்டு. ஆனா இந்தத் துறையில உருப்படியான சில விஷயங்கள் நெட்ல இலவசமாவே கிடக்குது. என் ஓட்டு விபத்து விசாரணை அறிக்கைகளுக்குத்தான்.

பிரிட்டன்ல கப்பல் விபத்துகளை விசாரிக்கிறது எம்.ஏ.ஐ.பி.ங்கிற அமைப்பு. அவங்க அரசு தளத்துல அறிக்கைகள் முழுசா பி.டி.எஃப்.ஆ இருக்கு. ஆரம்பிக்கிறவங்க 'எம்.எஸ்.சி. நபோலி' அறிக்கையை எடுங்க. 2007 ஜனவரி 18, இங்கிலீஷ் கால்வாய்ல புயல். கன்டெய்னர் கப்பலோட உடல் இன்ஜின் ரூம் பக்கம் விரிசல் விட்டுடுச்சு. 26 பேரையும் ஹெலிகாப்டர்ல காப்பாத்திட்டாங்க. கப்பலை டெவான் கரையோரமா கொண்டுபோய் தரைதட்ட வச்சாங்க.

சர்வே வேலைன்னா என்னன்னு இதுக்கு அப்புறம் நடந்ததைப் பார்த்தா புரியும். மேல்தளத்துல நனையாம இருந்த 660 கன்டெய்னரை எடை போட்டுப் பார்த்தாங்க. 137 கன்டெய்னர்ல எழுதிக் கொடுத்த எடைக்கும் நிஜ எடைக்கும் 3 டன்னுக்கு மேல வித்தியாசம். ஒண்ணுல மட்டும் 20 டன்! இந்த 137-ம் சேர்ந்து கணக்கை விட 312 டன் அதிகம். 'ஆஹா, இதுதான் காரணம்'னு நானும் குதிச்சேன். அறிக்கை அப்படிச் சொல்லலை. எடைத் தப்பு பாதுகாப்பு மார்ஜினைக் குறைச்சிருக்கும், ஆனா அது மட்டுமே கப்பலை உடைச்சிருக்காது. இன்ஜின் ரூம் பகுதியில பக்லிங் வலிமையே போதலைன்னு காட்டுறாங்க. கப்பல் கட்டின காலத்து விதிகள்படி நடுப்பகுதிக்கு வெளியே அந்தக் கணக்கைப் போடணும்ங்கிற கட்டாயமே இல்லையாம். நம்ம எஸ்.ஓ.எம். பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு வர்ற அதே பக்லிங்தான்.

அதனால முதல் பகுதியில இருக்கிற தகவல்களை மட்டும் படிச்சிட்டு மூடுங்க. காரணம் என்னன்னு நீங்களே ஒரு பேப்பர்ல எழுதுங்க. அப்புறம் ரெண்டாம் பகுதி அலசலைத் திறங்க. இன்னொண்ணு, யார் மேல தப்புன்னு சொல்றது இந்த அறிக்கையோட வேலை இல்லை. ரிவ்யூல 'கேப்டன் குற்றவாளின்னு எம்.ஏ.ஐ.பி. சொல்லுது'ன்னு எழுதி மாட்டிக்காதீங்க.

2016 ஜூலை 1-லேர்ந்து எடையைச் சரிபார்க்காம கன்டெய்னரைக் கப்பல்ல ஏத்தக்கூடாதுன்னு சோலாஸ் விதி வந்துடுச்சு. ஆனா உள்ள சரக்கை எப்படிக் கட்டியிருக்காங்கங்கிறது தனிக்கதை. அதுக்கு 2014-ல வந்த சி.டி.யு. கோட் இருக்கு, யு.என்.இ.சி.இ. தளத்துல இலவசம். ஒரு கணக்கு பாருங்க. லாரி பிரேக் போட்டா சரக்கு முன்னாடி 0.8 ஜி வேகமாற்றத்தைத் தாங்கணும். 10 டன் மரப்பெட்டின்னா 8 டன் விசை. பெட்டி மரத்துக்கும் பிளைவுட் தரைக்கும் உராய்வு 0.45, அதாவது 4.5 டன் தானா நிக்கும். மீதி 3.5 டன், சுமார் 34 கிலோநியூட்டனை, கட்டையோ பெல்ட்டோதான் பிடிக்கணும். பெருங்கடல்ல ஆட்டம் அதிகமான பகுதிகளுக்குப் பக்கவாட்டுலயும் அதே 0.8.

கட்டுற விதத்தைப் படமா பார்க்கணும்னா ஜெர்மன் இன்சூரன்ஸ் சங்கமான ஜி.டி.வி.யோட கன்டெய்னர் கையேடு. இங்கிலீஷ்லயும் இருக்கு. தப்பாக் கட்டின போட்டோக்களுக்காகவே பார்க்கலாம். நிறைய விபத்துகளை ஒப்பிடணும்னா ஐ.எம்.ஓ.வோட கிசிஸ்ல இலவசமா ஒரு அக்கவுன்ட் போடுங்க. ஆனா சில பதிவுகள்ல ரெண்டு வரிதான் இருக்கும். அப்ப அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோ, அந்த நாட்டு விசாரணை அமைப்போட தளத்துல தேடிப் பாருங்க.